நல்ல கால் முதலில்

படூர்
6-1-2025

ஜெயா அப்பாவுக்கு,

சாரதா எழுதுகிறேன். பஸ் ஏறினால் வந்து இறங்குகிற தூரத்துக்குக் கடிதமா என்று முறைக்க வேண்டாம். போனில் பேசினால் நீங்கள் கத்துகிறீர்கள். அது வீடு முழுக்கக் கேட்கிறது. மாப்பிள்ளை பார்த்திபன் எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறார், ஜெயா பாத்திரத்தை டமால் என்று வைக்கிறாள். பேசினது போதும். உங்களோடு அத்தனை வருஷம் கண்டக்டராக ஓடிய ராமானுஜம் இன்னும் இந்த வழியாகத்தானே போகிறார்? கீழே கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி சாம் கையில் கொடுத்தால் அவர் பஸ்ஸில் கொடுத்துவிடுவார். மானாமதி டீக்கடையில் ராமானுஜம் இறக்கிவிடுவார். பேசி வைத்துவிட்டேன்.

என்னைக் கிழக்கு ஜன்னல் ஓரமாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். பதினோராவது மாடி. முதல் நாள் காலையில் ஜெயா திரையை விலக்கினாள் பாருங்கள், அடேயப்பா! மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போனால் கரையில் நின்று காலை நனைத்துக்கொண்டு வருவோம், அவ்வளவுதான் கடல் என்று நினைத்திருந்தேன். மேலேயிருந்து பார்த்தால் முட்டுக்காட்டு உப்பங்கழி ஈர வேட்டியைக் காயப்போட்ட மாதிரி கிடக்கிறது. அதற்கு அப்பால் ஆரம்பிக்கிறது கடல். முடிவே இல்லை. வானம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் இது நம் பக்கத்திலேயே இருந்ததா? வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். எலும்பெல்லாம் புகை மாதிரி மங்கலாக இருக்கிறது. நடுவில் ஒன்று மட்டும் பளீரென்று உருண்டையாக. “இன்னா டாக்டர் அது?” என்றேன். “அதாம்மா உங்க புது இடுப்பு” என்றார். நாளைக்கு என்னை எரித்தாலும் அது மட்டும் வேகாமல் கிடக்குமாம். கையெடுத்துக் கும்பிட்டேன். தன்னைக் கும்பிடுகிறேன் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் மாப்பிள்ளை, “வீட்ட வித்துட்டு ரெண்டு பேரும் எங்களோட வந்துடுங்க” என்றது நல்ல எண்ணத்தில்தான். நீங்கள் “செத்தாலும் அந்தப் படூர் படி ஏற மாட்டேன்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். நேற்று ஜெயா ஒரு வார்த்தை சொன்னாள். “அந்த வூட்ல எல்லாமே தரையில கீது. அம்மா எப்பிடி இருப்பாங்க? அப்பா ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, குனியாம, குந்தாம, சம்மணம் போடாம அங்க இருந்து காட்டட்டும். அம்மாவ அனுப்பறேன். முடியலன்னா வூட்ட விக்க ஒத்துக்கட்டும்.”

எனக்கு அதைத்தான் செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இடுப்பை ரொம்ப மடக்கக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. நின்ற இடத்தில் உடம்பை மட்டும் முறுக்கித் திரும்பக் கூடாது. மீறினால் அந்த உருண்டை இடத்தை விட்டு நழுவிவிடுமாம்.

கடல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு என் வீட்டுக்கு வர வேண்டும்.

சாரதா

*

மானாமதி
8-1-2025

சாரதாவுக்கு,

கடிதம் வந்தது. டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் ராமானுஜம் நீட்டுகிறான். “இன்னா அண்ணாத்த, லவ் லெட்டரா?” என்று ஒருத்தன் கேட்டான். குடித்த டீ பாதியிலேயே நின்றது. அடுத்த முறை கவரில் போட்டு ஒட்டி அனுப்பு.

உருண்டை, கடல் எல்லாம் படித்தேன். சரி.

குனியாமல் இருப்பது ஒரு பெரிய வித்தையா? வேலையில் இருந்த காலம் முழுக்க ஸ்டியரிங்குக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தே பிழைத்தவன் நான். ஜெயாவிடம் சொல், அவள் அப்பனுக்கே சவால் விடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள் என்று. புது ரூட் போட்டால் டிப்போவில் முதல் நாளே ஜனங்களை ஏற்ற மாட்டார்கள். வெறும் வண்டியை அனுப்புவார்கள். எங்கே ஒயர் தொங்குகிறது, எந்த வளைவு குறுகல், எந்தப் பாலம் மட்டம் என்று டிரைவர் பார்த்துவிட்டு வர வேண்டும். நாளைக்கு நான்தான் வெறும் வண்டி.

எதிர்வீட்டு ஆராயியின் மாமியார் நடந்த வாக்கரை வாங்கிவந்து துடைத்து வைத்திருக்கிறேன். மறதியில் குனிந்துவிடக் கூடாது பார். அதனால் ஒரு மூங்கில் பத்தையை மார்பிலிருந்து தொடைவரைக்கும் துண்டால் கட்டிக்கொள்ளப் போகிறேன். குனிந்தால் குத்தும். உனக்கு ஆபரேஷன் ஆன வலது பக்கமே கட்டுகிறேன்.

விற்கிற பேச்சை யாரும் பேச வேண்டாம்.

எல்லப்பன்

*

மானாமதி
10-1-2025

சாரதாவுக்கு,

தோற்றுவிட்டேன். உன் பதில் வருவதற்குள் நானே எழுதிவிடுகிறேன், ஊரார் வாயிலிருந்து உனக்கு வர வேண்டாம்.

பத்தையைக் கட்டிக்கொண்டே படுத்ததால் காலையில் எழுந்ததே தகராறு. நம் கட்டில் எவ்வளவு தாழ்வு என்று இத்தனை நாளில் எனக்குத் தெரியாது. பத்தை நெஞ்சில் குத்துகிறது, எழ முடியவில்லை. உருண்டு, புரண்டு, கட்டில் காலைப் பிடித்து நின்றேன். பின்பக்கக் கக்கூஸுக்குப் போனேன். குந்த முடியாது. அதை விவரமாக எழுத மாட்டேன். பத்தையை அவிழ்த்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்துகொள்.

மறுபடி கட்டிக்கொண்டு டீ போடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். தீப்பெட்டி கை தவறிக் கீழே விழுந்தது. நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் என்னைப் பார்க்கிறது. காலால் தள்ளினேன், அடுப்பு மேடைக்கு அடியில் போய்விட்டது. டீத்தூள் எங்கே? கீழ்த்தட்டில். சர்க்கரை? அதற்கும் கீழே. அரிசிப் பானை, பருப்பு டப்பா, முறம், அரிவாள்மணை, குப்பை அள்ளுகிற தகரம், வாசல் துடைப்பம், தண்ணீர்க் குடம், சோப்புப் பெட்டி. சாரதா, இந்த வீடு முழுக்க முழங்காலுக்குக் கீழேதான் இருக்கிறது! மேலே இருப்பது என் சட்டை மாட்டுகிற ஆணி ஒன்றுதான்.

நீ ஒரு நாளைக்கு எத்தனை முறை குனிந்து எழுந்திருப்பாய் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சமையலைத் தாண்டுவதற்குள் கணக்கு விட்டுப்போயிற்று. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு நாற்காலியிலிருந்தும் எழ முடியவில்லை.

ஆராயி எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னா அண்ணாத்த, கட்டையக் கட்டிகினு வூட்டுக்குள்ள இன்னா பண்ணிகினு கீற?” என்று கேட்டாள். “ரூட்டு பாக்கறேன்” என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது.

ஜெயாவிடம் தோற்றேன் என்று சொல்லாதே. வண்டி ஷெட்டில் இருக்கிறது என்று சொல்.

எல்லப்பன்

*

படூர்
12-1-2025

ஜெயா அப்பாவுக்கு,

தீப்பெட்டியும் நீங்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதைப் படித்ததும் நான் சிரித்த சிரிப்பில் தையல் போட்ட இடம் வலித்தது. ஜெயா ஓடிவந்து, “இன்னாம்மா, வலிக்குதா?” என்கிறாள். கடிதத்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்தேன். பிறகு அவள் அந்தப் பக்கம் போனதும் எடுத்து மறுபடி படித்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை. என்னவோ மாதிரி ஆகிவிட்டது. ஒரு மனுஷன் தன் உடம்பில் கட்டையைக் கட்டிக்கொண்டு பெண்டாட்டியின் உடம்பு எப்படி இருக்கும் என்று பார்க்கிறான் என்பதை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

சரி, நாற்காலியிலிருந்து எழத் தெரியாமல் தவித்தீர்களே, அதைச் சொல்லித் தருகிறேன். பிசியோதெரபிக்கு வருகிற திவ்யா எனக்குச் சொல்லித் தந்தது. கைப்பிடி உள்ள நாற்காலியாக இருக்க வேண்டும். முதலில் நுனிக்கு நகர வேண்டும். ஆபரேஷன் ஆன காலை முன்னால் நீட்டிக்கொண்டு, நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி, நல்ல காலில் பாரத்தைக் கொடுத்து எழ வேண்டும். நின்ற பிறகுதான் வாக்கரைப் பிடிக்க வேண்டும். எழும்போதே வாக்கரை இழுத்தால் அது நம்மைக் கவிழ்த்துவிடும். உட்காருவதும் அதேதான். பின்னங்காலில் நாற்காலி தட்டுகிற வரைக்கும் ரிவர்ஸில் வந்து, கையால் கைப்பிடியைத் தேடிப் பிடித்து, மெதுவாக. ரிவர்ஸ் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

திரும்புவதென்றால் சின்னச் சின்ன அடியாக வைத்து முழு உடம்பும் திரும்ப வேண்டும். உங்கள் பஸ் திரும்புகிற மாதிரி. படுக்கும்போது இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு தலையணை. கீழே விழுந்ததை எடுக்க ஒரு நீளக் கொக்கி கொடுத்திருக்கிறார்கள், முனையில் கவ்விப் பிடிக்கும். அதை வைத்துக்கொண்டு தரையில் கிடந்த பேரனின் சாக்ஸை எடுத்தேன் பாருங்கள், என்னவோ கிணற்றிலிருந்து வாளியை எடுத்த மாதிரி ஒரு பெருமை.

முதல் முறை நான் நின்ற அன்று திவ்யா கை தட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிற்பது இவ்வளவு பெரிய காரியமா? பாதம், முட்டி, இடுப்பு, முதுகு எல்லாம் ஒன்றை ஒன்று நம்பித் தூக்கிக் கொடுக்கிறது. இதைத்தான் இத்தனை காலம் பேசிக்கொண்டே, எரிச்சல்பட்டுக்கொண்டே செய்திருக்கிறேன்.

தோற்றதற்காக விட்டுவிடாதீர்கள்.

சாரதா

*

மானாமதி
17-1-2025

சாரதாவுக்கு,

நீ இல்லாத பொங்கல். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று. வாசலில் செங்கல்லை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, அதன்மேல் அடுப்பு வைத்துப் பொங்கினேன். தெருவே வந்து பார்த்தது. “பானைய இன்னாத்துக்கு மேல ஏத்தி வெச்சிகீற, சாமி கீழ இருந்தா பாக்காதா?” என்று என் அக்கா கேட்டாள். பால் பொங்கி வழிந்தது. நான் நிமிர்ந்து நின்று, என் கண்ணுக்கு நேராகப் பார்த்தேன். இத்தனை வருஷமும் அந்த நுரை எழும்பும்போது நீதான் புகையில் குனிந்து ஊதிக்கொண்டிருப்பாய்.

ஷெட் வேலை நடக்கிறது. கீழ்த்தட்டில் இருந்ததெல்லாம் மேடைக்கு மேலே வந்துவிட்டது. கட்டிலின் நாலு காலுக்கும் கட்டை கொடுத்து ஆணி அடித்து, ஆடாமல் தூக்கிவிட்டேன். கிணற்றடியில் நீ வழுக்கி விழுந்தாயே, அந்தப் பாசியைச் சுரண்டிச் சொரசொரப்பாகச் சிமென்ட் போட்டாயிற்று. கால்மிதி, பாய், தொங்குகிற ஒயர் எல்லாம் அப்புறப்படுத்தியாயிற்று. வீட்டுக்குள்ளேயே மேல்நாட்டு மாதிரி கக்கூஸ் கட்டி, பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருக்கிறேன். அதை மேடை கட்டி நன்றாக உயர்த்தி வைக்கச் சொன்னேன். நானே உட்கார்ந்து பார்த்தேன். பத்தை கொஞ்சமும் குத்தவில்லை. ராஜா மாதிரி இருக்கிறது.

இனி உனக்கு ஒரு குறையும் இல்லை.

எல்லப்பன்

*

படூர்
20-1-2025

ஜெயா அப்பாவுக்கு,

ராஜா உட்காருவார். ராணியின் கால் தரையைத் தொடுமா?

உங்கள் உயரம் என்ன, என் உயரம் என்ன! உங்களுக்குக் குத்தாத உயரத்தில் நான் உட்கார்ந்தால் ரெண்டு காலும் அந்தரத்தில் தொங்கும். திவ்யாவிடம் கேட்டேன். தாழ்வாக இருந்தால் இடுப்பு ரொம்ப மடங்கும், அது ஆபத்து. ரொம்ப உயரமாக இருந்தாலும் ஆபத்துதான், இறங்கும்போது கால் தேடும், வழுக்கும் என்றாள். முட்டி, இடுப்பை விடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும், பாதம் முழுசாகத் தரையில் பதிய வேண்டும்.

இத்தோடு ஒரு நூலும் வைத்திருக்கிறேன். தரையிலிருந்து என் முட்டியின் பின்மடிப்பு வரைக்கும் திவ்யா பிடித்து அளந்தது. மடிப்பு வந்த இடத்தில் அவளே ஒரு முடிச்சும் போட்டிருக்கிறாள். உட்காருகிற இடம் அந்த முடிச்சுக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். கட்டில், நாற்காலி, கக்கூஸ் எல்லாவற்றுக்கும் அதே கணக்கு.

கோபப்பட்டுக் கொத்தனாரைத் திட்டாதீர்கள். அவருக்கு என்னைத் தெரியாது.

சாரதா

*

மானாமதி
23-1-2025

சாரதாவுக்கு,

கொத்தனாரைத் திட்டவில்லை. இடிக்கச் சொன்னேன். அவன்தான் என்னைத் திட்டினான்.

கவரைப் பிரித்தபோது நூல் என் மடியில் விழுந்தது. முதலில் ஏதோ கோவில் கயிறு என்று நினைத்தேன். படித்த பிறகு எழுந்து நின்று அதை என் காலோடு வைத்துப் பார்த்தேன். சாரதா, முடிச்சு என் முட்டிக்கு எவ்வளவு கீழே நிற்கிறது தெரியுமா? நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருக்கிறோம். உன்னை நான் உயரமானவள் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சத்தியமாக. இந்த உயரத்தை வைத்துக்கொண்டா பரணிலிருந்து அந்தப் பெரிய அண்டாவை இறக்கினாய்? இந்த உயரத்தை வைத்துக்கொண்டா மழை வெள்ளத்தில் ஜெயாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் வந்தாய்? நூலைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். டீக்கடையில் ரெண்டு முறை எடுத்துப் பார்த்தேன்.

இப்போது எல்லாம் முடிச்சுக் கணக்குக்கு வந்துவிட்டது. அந்த உயரத்தில் உட்கார்ந்தால் பத்தை என்னைக் குத்துகிறது. குத்தட்டும், அது உன் நாற்காலி.

நேற்று முழு நாள் ஓட்டிவிட்டேன். நீ சொன்ன மாதிரி எழுந்து, நீ சொன்ன மாதிரி திரும்பி. கொக்கி மாதிரி ஒன்று நானே செய்துகொண்டேன். குனியவில்லை, குந்தவில்லை. ராமானுஜத்துக்கு வார லீவு, வந்து பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தான். “அண்ணாத்த, சர்வீஸ்ல கூட நீ இவ்ளோ ஒழுங்கா ஓட்டுனதில்ல” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயாவை வந்து பார்க்கச் சொல்.

எல்லப்பன்

*

படூர்
4-2-2025

ஜெயா அப்பாவுக்கு,

ஜெயா அங்கே வந்துவிட்டுத் திரும்பினாள். நேற்றுதான் அதைப் பற்றிச் சொன்னாள். “கதவத் தட்டுனேம்மா. அப்பா வாக்கர்ல வந்து தொறந்தாரு. எனக்குப் பக்குனு ஆயிடுச்சு, அவருக்கும் இன்னாவோ ஆயிடுச்சுன்னு. நெஞ்சுல கட்ட கட்டிகினு கீறாரு. ‘செருப்ப ஓரமா வுடு, அம்மா காலு தடுக்கும்’னு சொன்னாரு. நீ அங்க இல்லவே இல்லியேம்மா” என்றாள். பிறகு என் மடியில் தலை வைக்க வந்தவள், இடுப்பு ஞாபகம் வந்து தோளில் வைத்துக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளையும் விற்கிற பேச்சை விட்டுவிட்டார். மறு பரிசோதனையில் டாக்டர் சரி என்றால் மாசியில் வரலாம்.

இது நல்ல செய்தி. இன்னொன்று உண்டு. எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

இங்கே கீழ்த்தளத்தில் ஒரு கிரகப்பிரவேசம். நானும் வாக்கரோடு போனேன். வாசலில் ஒரு படி. அந்த வீட்டம்மா சிரித்த முகமாக, “வலது காலை எடுத்து வெச்சு வாங்கம்மா” என்றாள். யோசிக்கவே இல்லை. வலது காலை வைத்துவிட்டேன். ஆபரேஷன் ஆன காலில் உடம்பின் பாரம் முழுக்க ஏறியது, கால் அப்படியே விட்டுவிட்டது. வாக்கர் சாய்ந்தது. பின்னாலிருந்து சாம் என்னை அணைத்துப் பிடித்திராவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரிதான். ஒன்றும் ஆகவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், உருண்டை அதன் இடத்திலேயே இருக்கிறது. திவ்யா திட்டித் தீர்த்தாள். “ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல. எத்தனை முறைம்மா சொல்றது?”

என் நல்ல கால் இடது கால்.

நம் வீட்டு வாசலில் ரெண்டு படி, அப்புறம் உங்கள் அப்பா வைத்த நிலைப்படி. கல்யாணத்தன்று பயத்தில் நான் இடது காலை வைத்து ஏறிவிட்டேன். உங்கள் அம்மா என்னைத் திரும்பத் தெருவில் இறக்கி, எல்லார் முன்னாலும் மறுபடி ஏறச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மாடு செத்தாலும் கிணறு வற்றினாலும் “இடது காலில் வந்தவள்” என்ற பேச்சுதான். ஆலத்தூர் வளைவில் உங்கள் பஸ் புளியமரத்தில் மோதிய அன்று நீங்களும் ஒரு முறை சொன்னீர்கள். வலது கால் வைக்காமல் நீங்கள் ஒரு நாளும் வண்டியில் ஏறினதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

கட்டில் உயரம் சரி. கக்கூஸ் உயரம் சரி. வாசலில் நான் எந்தக் காலை வைப்பது?

சாரதா

*

மானாமதி
10-2-2025

சாரதாவுக்கு,

கீழே விழாமல் தப்பித்தது முருகன் புண்ணியம். சாமுக்கு என் கும்பிடு சொல். கிரகப்பிரவேசத்துக்கெல்லாம் எதற்குப் போகிறாய்?

வாசல் படிக்கு ரெண்டு பக்கமும் கம்பி போடச் சொல்லியிருக்கிறேன். சரிவு கட்டலாமா என்று கேட்டேன். தெரு குறுகல், செங்குத்தாகத்தான் வரும், அதில் வாக்கர் நிற்காது என்றான் கொத்தனார்.

பின்பக்கம் கிணற்றடி வழியாக வந்தால் படியே இல்லை. சமமாக உள்ளே வந்துவிடலாம். அந்த வழியைச் சுத்தம் பண்ணி வைக்கிறேன். யாருக்கும் பேச்சு இருக்காது. யோசித்துப் பார்.

எல்லப்பன்

*

படூர்
12-2-2025

ஜெயா அப்பாவுக்கு,

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. கொத்தனார் என்ன சொன்னான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

பின்வாசல் வழியாக நான் வர மாட்டேன். ஆபரேஷன் பண்ணினது இடுப்பில், என் மானத்தில் இல்லை. அந்த வாசலில் எத்தனை வருஷம் தண்ணீர் தெளித்தவள் நான்? திருடி மாதிரிக் கிணற்றடி வழியாக நுழைய வேண்டுமென்றால் இங்கேயே கடலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். வீட்டை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

சாரதா

*

படூர்
24-2-2025

ஜெயா அப்பாவுக்கு,

ராமானுஜம் வெறும் கையோடு வருகிறார். “அண்ணாத்த ஒண்ணும் குடுக்கல, நானும் கேட்டுட்டேன்” என்கிறார். இன்று டாக்டர் பார்த்தார். வீட்டுக்குப் போகலாம், ஆனால் இன்னும் கொஞ்ச காலம் அதே ஜாக்கிரதையோடு இருக்க வேண்டும் என்றார். ஜெயா பையெல்லாம் அடுக்கிவிட்டாள். எங்கே போவது என்று எனக்குத்தான் தெரியவில்லை. வருவீர்களா மாட்டீர்களா, அதை மட்டும் எழுதுங்கள்.

சாரதா

*

மானாமதி
27-2-2025

சாரதாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வருகிறேன். முன் சீட்டைப் பின்னால் தள்ளி, கெட்டியான திண்டு போட்டு வைக்கிறேன். தயாராக இரு.

எல்லப்பன்

*

மானாமதி
3-3-2025

ஜெயா அப்பாவுக்கு,

நீங்கள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று கேட்பீர்கள். நேரில் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள், அதனால் எழுதி உங்கள் சட்டைப்பையில் வைக்கிறேன், டீக்கடையில் எடுத்துப் படியுங்கள். வைக்கப் போனால் அங்கே அந்த நூல் இருக்கிறது.

படூரில் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றீர்களாமே. “படி ஏற மாட்டேன்னு சொல்லிட்டேன்பா” என்றதற்கு சாம், “படியே ஏற வேணாம் ஐயா, லிஃப்ட் கீது” என்று உள்ளே தள்ளிவிட்டாராம். மேலே வந்ததும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தீர்கள். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றீர்கள். ஜெயா சாப்பிடக் கூப்பிட்டது உங்கள் காதில் விழவில்லை. உங்கள் தோளைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், கடலைப் பார்த்துவிட்டீர்கள் என்று.

எந்தக் கால் என்று நீங்கள் சொல்வீர்களா என்று வழி முழுக்கக் காத்திருந்தேன். நீங்களோ பள்ளம் வந்தால் டிரைவரைத் திட்டினீர்கள். கார் நின்றதும் தெருவே கூடிவிட்டது. ஆராயி ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். உங்கள் அக்கா நிலைப்படிக்கு உள்ளே, உங்கள் அம்மா நின்ற அதே இடத்தில் நிற்கிறார். நான் படிக்குக் கீழே வந்து கம்பியைப் பிடித்தேன்.

“வலது காலு வெச்சு வாம்மா சாரதா” என்றார் உங்கள் அக்கா. பின்னால் ரெண்டு மூன்று பேர், “ஆமா, வலது காலு, வலது காலு” என்றார்கள். எந்தக் காலையும் எடுக்காமல் நின்றுவிட்டேன். கல்யாணத்தன்று தெருவில் இறக்கி நிறுத்தினபோது நின்ற மாதிரியே.

அப்போதுதான் நீங்கள் கத்தினீர்கள். அம்மாடி, என்ன சத்தம் அது! அதற்காகத்தானே நான் போனையே விட்டேன். “யாரும் வாயத் தொறக்கக் கூடாது! நல்ல காலு எதுவோ அதான் மொதல்ல! சாரதா, இடது காலு! இடது காலை வை!” தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். “தம்பி, இன்னாடா பேசற?” என்று உங்கள் அக்கா வாயைப் பிளந்தார். நீங்கள் அவரைப் பார்க்கவே இல்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “இடது காலு. ஆங். இப்ப அது. கம்பியப் புடி. இன்னொண்ணு. இடது காலு” என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். நிலைப்படியையும் இடது காலாலேயே தாண்டினேன். இந்த முறை யாரும் என்னைத் திரும்ப இறக்கவில்லை.

உள்ளே வந்து நின்றேன். நீங்கள் எனக்குப் பின்னால் ஏறி வந்தீர்கள். நின்ற இடத்தில் முறுக்கித் திரும்பக் கூடாது என்று திவ்யா சொல்லியிருக்கிறாள், அதனால் நான் திரும்பவில்லை. ஆனால் எதிர்ச் சுவரில் நிலைக்கண்ணாடி இருக்கிறது. அதில் வாசல் முழுசாகத் தெரிந்தது. வலது கால் வைக்காமல் எங்கேயும் ஏறாத மனுஷன், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, முதல் படியில் கொஞ்சம் நின்றீர்கள். பிறகு இடது காலை வைத்தீர்கள். அடுத்ததிலும் இடது கால். நிலைப்படியிலும்.

அந்தக் கடலை முதலில் பார்த்தபோது வாயைப் பொத்திக்கொண்டேனே, அதே மாதிரி பொத்திக்கொண்டேன். ஆராயி நான் அழுகிறேன் என்று நினைத்து, “வலிக்குதாக்கா?” என்றாள்.

கேட்டால் எந்தக் கால் என்று ஞாபகமில்லை என்பீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. டீ குடித்தது போதும், வீட்டுக்கு வாருங்கள். தீப்பெட்டி கீழே விழுந்து கிடக்கிறது.

சாரதா